கீபோர்டு வாலில் ஒரு முடிச்சு

கீலாகர் என்பது கீபோர்டுக்கும் கணினிக்கும் நடுவே செருகி, அழுத்தும் விசைகளைப் பதிவு செய்யும் சிறு கருவி. அதன் விளம்பரம் எதை எடுத்தாலும் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் இருக்கும். ஒன்று, "எந்த மென்பொருளாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது". இன்னொன்று, "கணினியில் நடப்பது அத்தனையும் பதிவாகும்". முதலாவது பாதி உண்மை. இரண்டாவது முழுப் பொய். ஆனால் வாங்க நினைக்கும் முதலாளி, பயந்துபோயிருக்கும் ஊழியர், பிள்ளையை நினைத்துக் கவலைப்படும் பெற்றோர் என எல்லோரும் இரண்டையும் அப்படியே நம்பிக்கொண்டுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அதனால் விவாதம் எப்போதும் "வைக்கலாமா, கூடாதா" என்ற இடத்திலேயே சுற்றுகிறது. வைத்தால் என்ன கிடைக்கும் என்று யாரும் கேட்பதில்லை. வாங்குகிறவர் மனதில் இருப்பது "இந்த ஆள் நாள் முழுக்க என்ன செய்கிறார்?" என்ற கேள்வி. கருவி பதில் சொல்வதோ "எந்த விசை எந்த வரிசையில் அழுத்தப்பட்டது?" என்ற கேள்விக்கு. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றும். பதிவைத் திறந்து படித்துப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணம் அரை மணி நேரம்கூடத் தாங்காது.

பொருளாகப் பார்த்தால் அதில் பிரமாதமாக ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் கணினியில் செருகும் யூஎஸ்பி முனை, மறுபக்கம் கீபோர்டு வயரை வாங்கிக்கொள்ளும் துளை. பழைய மாடல்கள் கட்டைவிரல் நீளம் இருந்தன. இப்போது ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிட்டன. கீபோர்டு கேபிளுக்குள்ளேயே, அல்லது கீபோர்டின் உடலுக்குள்ளேயே பொருத்தும் சிறு பலகைகளும் உண்டு. உள்ளே ஒரு மைக்ரோகண்ட்ரோலர், ஒரு ஃபிளாஷ் மெமரி சில்லு. சிலவற்றில் மணி காட்ட ஒரு கடிகாரச் சுற்றும் பொத்தான் பேட்டரியும் இருக்கும். சிலவற்றில் வைஃபை. மின்சாரம் யூஎஸ்பியின் 5 வோல்ட்டிலிருந்தே கிடைத்துவிடும். மெமரி 16 மெகாபைட் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், இந்தக் காலத்தில் ஒரு புகைப்படத்துக்கே அது காணாதே என்று. ஆனால் ஒரு விசைக்கு ஒரு பைட் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 40,000 முறை விசை தட்டும் ஒருவரின் 400 நாள் உழைப்பு அதற்குள் அடங்கிவிடும்.

அது எதைப் பிடிக்கிறது என்று புரிய, கீபோர்டு கணினியோடு எப்படிப் பேசுகிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். கணினி சில மில்லிவினாடிக்கு ஒருமுறை "ஏதாவது உண்டா?" என்று கீபோர்டைக் கேட்கும். அடிப்படை முறையில் கீபோர்டு 8 பைட் கொண்ட ஒரு சிறு பொட்டலத்தைப் பதிலாகத் தரும். முதல் பைட்டில் ஷிஃப்ட், கண்ட்ரோல் போன்ற துணைவிசைகளின் நிலை. இரண்டாவது வெறுமனே காலியாக விடப்பட்டது. மிச்சம் ஆறும் அந்த நொடியில் அழுந்தியிருக்கும் விசைகளின் எண்கள். ஆங்கில 'ஏ' விசைக்கு எண் 4, 'இசட்' விசைக்கு 29, என்டருக்கு 40, பேக்ஸ்பேஸுக்கு 42. அந்த வயரில் ஓடுவது இவ்வளவுதான். எழுத்து ஓடுவதில்லை, சொல் ஓடுவதில்லை, எந்த ஜன்னல் திறந்திருக்கிறது என்ற தகவலும் ஓடுவதில்லை. எண்களை எழுத்தாக்கும் வேலை கணினிக்குள் நடக்கிறது. கீலாகரோ கணினிக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறது.

வெளியே உட்கார்ந்திருப்பதுதான் அதன் பலமும். இயங்குதளம் ஏறும் முன்பே, கணினியை முதலில் எழுப்பும் பயோஸ் பாஸ்வேர்டு கேட்கும் கட்டத்திலேயே, வன்தட்டின் குறியாக்கத்தைத் திறக்கும் சொல்லைத் தட்டும்போதே அது விழித்திருக்கும். வன்தட்டை மாற்றினாலும் விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றினாலும் அதற்கு ஒரு சேதமும் இல்லை. வைரஸ் தடுப்பான் தேடுவது கோப்புகளிலும் நினைவகத்திலும். வயரில் இருக்கும் முடிச்சை அது எங்கே போய்த் தேடும்?

இந்த யோசனை யூஎஸ்பியைவிட மூத்தது. மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தின் ஐபிஎம் செலக்ட்ரிக் தட்டச்சுப் பொறிகளுக்குள் சோவியத் உளவுத்துறை 1976 முதல் ஒட்டுக்கேட்புக் கருவிகளை வைத்திருந்தது. 1984-இல் அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ 'கன்மேன்' என்ற பெயரில் தூதரகத்தின் மின்கருவிகளை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் 16 பொறிகளில் அவை கிடைத்தன. பொறியின் ஒரு அலுமினியச் சட்டத்துக்குள்ளேயே சுற்று முழுவதும் ஒளிக்கப்பட்டிருந்தது. எழுத்துகள் பொறித்த, காகிதத்தில் அச்சடிக்கும் உருண்டையைத் திருப்பும் நெம்புகோல்களின் அசைவைக் காந்தப்புல மாற்றமாக உணர்ந்து, சேர்த்து வைத்து, வானொலி அலையில் சட்டென்று வெளியே தள்ளிவிடும். அந்தக் காலத்துக்கு அசாத்தியமான பொறியியல். அப்படியும், உருண்டையைத் திருப்பாத இடைவெளி, பேக்ஸ்பேஸ் போன்ற விசைகள் அதற்குப் பிடிபடவில்லை. எது அடித்துத் திருத்தப்பட்டது, எது அப்படியே நின்றது என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஊகித்துத்தான் ஆக வேண்டும். நாற்பது ஆண்டு கழித்தும் இந்த இடம் பெரிதாக மாறவில்லை.

பதிவைத் திறந்தால்

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். தமிழ்99 விசைப்பலகையில் 'அம்மா' என்று அடிக்க நாம் தட்டுவது நான்கு விசைகள். ஆங்கில வழக்கில் சொன்னால் ஏ, கே, கே, க்யூ. இரண்டாவது 'ம' வந்ததும் முன்னதற்குத் தானாகப் புள்ளி வைப்பது கணினியில் இருக்கும் மென்பொருள். 'நாளை' என்பது அரைப்புள்ளி, க்யூ, ஒய், ஆர். கீலாகரின் பதிவில் இருப்பது இந்த விசை வரிசை மட்டுமே. அதே ஆள் மதியத்துக்கு மேல், தமிழை ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடிக்கும் ஒலிபெயர்ப்பு முறைக்கு மாறினால் அதே 'அம்மா' வேறு வரிசையாக விழும். மாறிய இடம் எது என்பது பதிவில் தெரியாது, ஏனென்றால் முறையை அவர் மவுஸால் சொடுக்கி மாற்றியிருப்பார். நல்ல கீலாகர்களில் பிரெஞ்சு, ஜெர்மன் போன்ற விசை அமைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. அது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற கணக்குக்கு மட்டுமே உதவும். இரண்டு மூன்று விசைகள் கூடி ஓர் எழுத்தாகிற மொழிகளுக்கு யாராவது உட்கார்ந்து திருப்பி எழுத வேண்டும்.

சரி, பதிவில் எழுத்துகள் அப்படியே விழுகின்றன என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் மவுஸ் என்ற ஒன்று இருக்கிறது. ஒருவர் "நாளை விடுப்பு வேண்டும்" என்று அடிக்கிறார். பிறகு மனம் மாறி, கடைசிச் சொல்லின் வாலை மட்டும் மவுஸால் தேர்ந்தெடுத்து 'டாம்' என்று மாற்றுகிறார். திரையில் இருப்பது "நாளை விடுப்பு வேண்டாம்". பதிவில் இருப்பது "நாளை விடுப்பு வேண்டும்டாம்". எது அவருடைய முடிவு? மேலதிகாரியைத் திட்டி ஒரு நீண்ட மின்னஞ்சல் அடித்து, அனுப்பாமலே ஜன்னலை மூடிவிடுகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். உலகத்தில் யாருமே படிக்காத அந்தக் கடிதம் பதிவில் முழுசாக, அனுப்பப்பட்ட கடிதத்துக்கும் அதற்கும் எந்த வித்தியாசமும் இல்லாமல் கிடக்கும். கண்ட்ரோல்-வி அழுத்தியது தெரியும், ஒட்டியது என்ன என்று தெரியாது. உரையாடலில் ஒரு பக்கம் மட்டும் தெரியும். தானாக நிறைவாகும் சொற்களில் முதல் மூன்று எழுத்து மட்டும் இருக்கும், மிச்சம் இருக்காது. நாளெல்லாம் அட்டவணையையும் வரைபடத்தையும் மவுஸால் திருத்துகிற வடிவமைப்பாளர் பதிவில் தூங்கிக்கொண்டிருப்பார். அரட்டை அடிக்கிறவர் உழைப்பாளியாகத் தெரிவார். எல்லாவற்றுக்கும் மேல், தட்டியது யார் என்பது இல்லவே இல்லை. பக்கத்து இருக்கைக்காரர் வந்து இரண்டு நிமிடம் உட்கார்ந்து போனாலும் எல்லாம் ஒரே கணக்கில்தான் சேரும்.

இந்தச் சிதிலத்துக்கு நடுவே ஒரே ஒரு விஷயம் மட்டும் கழுவித் துடைத்ததுபோலப் பளிச்சென்று இருக்கும். மின்னஞ்சல் முகவரி, டேப் விசை, விசித்திரமான ஒரு சொல், என்டர். பாஸ்வேர்டை யாரும் மவுஸால் திருத்துவதில்லை. அதைத் தமிழ்99-இல் அடிப்பதில்லை. கையால் அடிக்கும்போது அது பாதியில் தானாக நிறைவாவதில்லை, நடுவில் பேக்ஸ்பேஸ் விழுந்தால் பெரும்பாலோர் முழுசாக அழித்துவிட்டு முதலிலிருந்து அடிப்பார்கள். ஆக, இந்தக் கருவியின் வடிவத்துக்கு அச்சாகப் பொருந்துவது ஒன்றுதான். வேலையைக் கவனிக்க என்று வாங்கிய சாமான் வேலையைத் தவிர மற்றதை எல்லாம், அதிலும் வங்கிக் கணக்கின் சாவியை முதலில், கொண்டுவந்து கையில் கொடுக்கிறது. இந்த இடத்தைப் பார்த்த பிறகு இந்தச் சாமானைக் 'கண்காணிப்புக் கருவி' என்று அழைக்க வாய் வராது. இது பாஸ்வேர்டு பிடிக்கும் தூண்டில். கூடவே கொஞ்சம் குப்பையும் மாட்டும்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டு பயன்படுத்தியவர்களும் உண்டு. 1999-இல் அமெரிக்காவின் எஃப்பிஐ, நியூ ஜெர்சியில் ஸ்கார்ஃபோ என்பவர் மீதான விசாரணையில், பிஜிபி என்ற குறியாக்க மென்பொருளால் பூட்டப்பட்ட ஒரு கோப்பைத் திறக்க முடியாமல் நீதிமன்ற அனுமதியோடு விசைப்பதிவு வைத்தது. அவர் என்ன எழுதுகிறார் என்பது அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. கடவுச்சொல் ஒன்றுதான் குறி. மோடம் இயங்கும்போது பதிவு செய்யாதபடி அதை அமைத்திருந்ததாக அவர்கள் சொன்னார்கள், ஒட்டுக்கேட்புச் சட்டத்துக்குள் மாட்டிக்கொள்ளாமல் இருக்க. அதன் உள்ளமைப்பை மட்டும் கடைசிவரை ரகசியமாகவே வைத்துக்கொண்டார்கள்.

திரை, வயர், காற்று

கீபோர்டோடு கதை முடியவில்லை. மானிட்டருக்கும் கணினிக்கும் நடுவே எச்டிஎம்ஐ வயரில் செருகும் பெட்டிகள் உண்டு. சில வினாடிக்கு ஒருமுறை திரையைப் படமெடுத்து மைக்ரோஎஸ்டி அட்டையில் போடும். விசைப்பதிவில் இல்லாத சூழல் எல்லாம் இதில் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் 5 வினாடிக்கு ஒரு படம் என்றால் 8 மணி நேரத்தில் 5,760 படங்கள். ஒரு படத்துக்கு இரண்டு வினாடி ஒதுக்கிப் பார்த்தாலும், ஒருவருடைய ஒரு நாளைப் பார்க்க இன்னொருவருடைய மூன்று மணி நேரத்துக்கு மேல் போகும். அந்த இன்னொருவரைக் கண்காணிப்பது யார் என்ற கேள்வியை விட்டுவிடுவோம். தொழில்நுட்பச் சிக்கல்களும் உண்டு. நகலெடுப்பதைத் தடுக்கும் எச்டிசிபி பாதுகாப்பு உள்ள படங்கள் கறுப்பாகவே பதிவாகும். பெட்டி 1080 வரித் திரையைத்தான் தாங்கும் என்றால், 2560-க்கு 1440 மானிட்டர் வைத்திருக்கிறவருக்கு ஒருநாள் காலையில் எழுத்தெல்லாம் மங்கித் தெரியும். மானிட்டர் தன் திறனைக் கணினிக்குச் சொல்லும் தகவலை நடுவில் இருக்கும் பெட்டி தன் அளவுக்குக் குறைத்துச் சொல்வதால் வருவது அது. காரணமில்லாமல் திரையின் துல்லியம் குறைந்திருந்தால் வயரின் இரு முனைகளையும் பார்ப்பது நல்லது.

நெட்வொர்க் வயரில் செருகி, ஓடுவதை ஒட்டுக்கேட்கும் டேப் எனப்படும் கருவிகள் இன்னொரு வகை. மைக்கேல் ஆஸ்மன் வடிவமைத்த த்ரோயிங் ஸ்டார் லான் டேப் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நான்கு ஈதர்நெட் துளைகள், இரண்டு 220 பிகோஃபேரட் மின்தேக்கிகள், மின்சாரமே தேவையில்லை. கிகாபிட் வேகத்தில் நான்கு ஜோடி வயர்களிலும் இரு திசையிலும் ஒரே நேரத்தில் சமிக்ஞை ஓடுவதால் சும்மா பக்கத்தில் நின்று கேட்க முடியாது. அதனால் அந்த மின்தேக்கிகள் இணைப்பைக் கெடுத்து 100 மெகாபிட்டுக்கு இறங்க வைக்கின்றன. நிர்வகிக்கக்கூடிய ஸ்விட்ச் இருந்தால் இதெல்லாம் தேவையில்லை, ஒரு துளையில் ஓடுவதை இன்னொரு துளைக்கு நகலெடுக்கும் போர்ட் மிரரிங் போட்டாலே போதும். ஆனால் பிடித்து என்ன செய்வது? இன்றைக்கு ஓடுவதில் பெரும்பகுதி டிஎல்எஸ் குறியாக்கத்துக்குள் ஓடுகிறது. எந்தத் தளத்தோடு எவ்வளவு நேரம், எவ்வளவு தரவு என்பது தெரியும். என்ன பேசினார்கள் என்பது தெரியாது. தளத்தின் பெயரைச் சொல்லி அதன் எண் முகவரியைக் கேட்கும் டிஎன்எஸ் கேள்விகளையும் உலாவியே குறியாக்கி அனுப்பினால் தளத்தின் பெயரைப் பிடிப்பதும் கடினமாகிவிடும். உள்ளே பார்த்தே தீருவேன் என்றால் ஒவ்வொரு கணினியிலும் குறியாக்கத்தை நடுவில் நின்று திறக்க அனுமதிக்கும் நிறுவனத்தின் மூலச் சான்றிதழை ஏற்ற வேண்டும். அந்தக் கட்டத்தில் வன்பொருளின் 'தொடாமலே பார்ப்பது' என்ற பெருமை போய்விடுகிறது.

வயர் இல்லாத கீபோர்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இடையில் செருக வயரே இல்லையே என்று நிம்மதி கொள்ள வேண்டாம். 2015-இல் சாமி காம்கார் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், சுவரில் செருகும் சாதாரண யூஎஸ்பி சார்ஜர் போன்ற ஒன்றுக்குள் ஆர்டுயினோ என்ற சிறு சுற்றுப்பலகையை வைத்து, சில மைக்ரோசாஃப்ட் கீபோர்டுகளின் 2.4 கிகாஹெர்ட்ஸ் சமிக்ஞையைக் காற்றிலிருந்தே பிடித்துக் காட்டினார். கீஸ்வீப்பர் என்று அதற்குப் பெயர். மறு ஆண்டு பாஸ்டில் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், குறியாக்கமே இல்லாமல் விசைகளைப் பரப்பிக்கொண்டிருந்த மலிவு கீபோர்டுகளைப் பட்டியலிட்டார்கள். கணினியில் செருகும் சொந்த ஏற்பி முனையோடு (டாங்கிள்) வரும் பழைய மலிவு கீபோர்டைவிட, முறையாக இணைத்த புளூடூத் கீபோர்டு தேவலாம். வயர் உள்ளது இரண்டையும்விடத் தேவலாம், வயரைக் கண்ணால் பார்க்க முடியும் என்ற ஒரே காரணத்துக்காக.

எங்கே இது நியாயம்

வன்பொருள் கண்காணிப்பே தவறு என்று சொல்ல வரவில்லை. மென்பொருள் ஏற்றவே முடியாத இடங்கள் உண்டு. பழைய விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடும் ஓர் இயந்திரக் கட்டுப்பாட்டுக் கணினியில் புதிதாக எதை ஏற்றினாலும் உற்பத்தி நின்றுபோகும் என்றால், வெளியே இருந்து எச்டிஎம்ஐ பதிவும் நெட்வொர்க் டேப்பும் வைப்பதுதான் சரியான வழி. தொலைவில் உள்ள சர்வரின் திரையையும் கீபோர்டையும் இங்கிருந்தே இயக்க, ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியை வைத்து அமைக்கும் பைகேவிஎம் போன்றவை நிர்வாகிகளின் அன்றாடக் கருவி. முக்கியமான சர்வருக்குள் போகிறவர்களின் அமர்வை இடைச் சர்வர் ஒன்றில் பதிவு செய்வதும் எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. இவை எல்லாவற்றிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. பதிவாகிறது என்பது உட்காருகிறவருக்குத் தெரியும், கண்காணிக்கப்படுவது இயந்திரமே ஒழிய ஆள் இல்லை.

ஆளைக் கண்காணிக்க வரும்போது, முதலில் கேள்வியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கோப்புகள் வெளியே போகின்றனவோ என்பது சந்தேகமென்றால், யூஎஸ்பி சேமிப்பைத் தடை செய்யும் கொள்கையும் கோப்பு சர்வரின் அணுகல் பதிவும்தான் பதில் தரும். விசைப்பதிவு தராது. கோப்பை இழுத்துப் போட யாரும் கீபோர்டைத் தொடுவதில்லை. வேலை நடக்கிறதா என்பது சந்தேகமென்றால் முடிந்த வேலையைப் பார்க்கலாம். விசையையும் மவுஸையும் எண்ணத் தொடங்கிய இடங்களில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். மவுஸை ஆட்டிக்கொண்டே இருக்கும் ஜிக்ளர் என்ற எதிர்க்கருவி சந்தைக்கு வந்தது. 2024-இல் அமெரிக்காவின் பெரிய வங்கி ஒன்று, கீபோர்டு இயக்கத்தைப் போலியாக உருவாக்கியதற்காகப் பத்துப் பேருக்கு மேல் வேலையை விட்டு நீக்கியது. யூஎஸ்பியில் செருகும் ஜிக்ளர் சாதனப் பட்டியலில் இன்னொரு மவுஸாகக் காட்டிக்கொடுத்துவிடும். மவுஸை மேலே வைத்தால் அடியில் தட்டைச் சுழற்றும் வகையோ கணினியோடு இணைவதே இல்லை. ஒரு வன்பொருளை ஏமாற்ற இன்னொரு வன்பொருள்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். போக்கு மட்டும் ஒரு பக்கமாகத்தான் இருக்கிறது. 2004-இல் கலிஃபோர்னியாவின் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம், அலுவலகக் கணினியில் கீகேட்சர் என்ற வன்பொருள் கீலாகரைச் செருகிய வழக்கில், கீபோர்டிலிருந்து கணினிக்குப் போகும் சமிக்ஞை ஒட்டுக்கேட்புச் சட்டம் சொல்லும் தகவல்தொடர்புக்குள் வராது என்று அந்தக் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தது. அந்த ஒரு முழ வயர் அன்றைக்குச் சட்டத்துக்கு வெளியே கிடந்தது. 2017-இல் காற்று மாறியிருந்தது. ஜெர்மனியின் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம், குறிப்பான சந்தேகம் இல்லாமல் வைத்த கீலாகரின் பதிவைப் பணிநீக்கத்துக்கு ஆதாரமாகப் பயன்படுத்தக் கூடாது என்றது. அதே ஆண்டு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பர்புலெஸ்கு வழக்கில், கண்காணிப்பு எவ்வளவு, எதற்கு என்று ஊழியருக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டதா என்பதை மையமாக வைத்துத் தீர்ப்பளித்தது. திருட்டுத்தனமாகச் சேர்த்த பதிவு, தேவைப்படும் நாளில் மேசைமேல் வைக்க முடியாத பதிவாகப் போய்விடலாம்.

வீட்டில் இது இன்னும் மோசம். ஒரே கணினியை நாலு பேர் பயன்படுத்தும் வீட்டில் பிள்ளைக்காக வைத்த கீலாகர் எல்லோருடைய வங்கிப் பாஸ்வேர்டையும் சேர்த்துக் குறியாக்கம் இல்லாத கோப்பில் எழுதும். வைஃபை வகை என்றால் தானே ஒரு ஹாட்ஸ்பாட்டை உருவாக்கும். அதன் ஆரம்பப் பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டவர், சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடமும் குடும்பத்தின் சாவிக்கொத்தைக் கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். பிள்ளையோ கணினியில் இல்லை, போனில் இருக்கிறது. ரௌட்டர் மட்டத்தில் வெளிப்படையாக ஒரு டிஎன்எஸ் வடிகட்டி வைப்பது, உதாரணமாக ராஸ்பெர்ரி பையில் பை-ஹோல், அதைவிட எவ்வளவோ மேல். தளங்களின் பெயர் மட்டும் பதிவாகும், பாஸ்வேர்டு எதுவும் சிக்காது, இருப்பது எல்லோருக்கும் தெரியும். போனில் மொபைல் டேட்டாவுக்கு மாறினால் அதுவும் செல்லாது என்பதைத் தெரிந்துகொண்டே வைக்க வேண்டும்.

முடிச்சைத் தேடுவது

விளம்பரத்தின் முதல் வாக்கியத்துக்கு வருவோம். மென்பொருளால் கண்டுபிடிக்க முடியாது என்பது பாதி உண்மை என்றது ஏன்? வயரில் ஓடுவதைப் பக்கத்தில் நின்று கேட்கும் வகை கணினிக்குத் தெரியவே தெரியாது. ஆனால் நடுவில் நின்று வாங்கித் திருப்பி அனுப்பும் வகை தடயம் விடும். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் 'இணைப்பின்படி காட்டு' என்ற பார்வையையோ, லினக்ஸில் யூஎஸ்பி சாதனங்களை மரமாகக் காட்டும் கட்டளையையோ திறந்து வைத்துக்கொண்டு, கீபோர்டை அதே கணினியின் வேறொரு துளையில் நேரடியாகச் செருகி இரண்டையும் ஒப்பிடுங்கள். 1.5 மெகாபிட் வேகத்தில் தெரிய வேண்டிய கீபோர்டு 12 மெகாபிட்டாகத் தெரிந்தால், தயாரிப்பாளர் எண் மாறியிருந்தால், நடுவில் ஒரு ஹப் (ஒரு துளையைப் பலவாகப் பிரிக்கும் சாதனம்) முளைத்திருந்தால் ஏதோ இருக்கிறது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் விசைகள் திடீரென்று வேலை செய்யாமல் போவதும், ஒரே நேரத்தில் ஆறு விசைக்கு மேல் ஏற்கும் விளையாட்டுக் கீபோர்டு தடுமாறுவதும், உள்ளேயே யூஎஸ்பி துளை கொண்ட கீபோர்டில் அந்தத் துளை செத்துப்போவதும் இதே இனம். மலிவான கீலாகர்கள் மேலே சொன்ன 8 பைட் பொட்டலத்தைத் தவிர வேறு எதையும் கடத்தத் தெரியாதவை.

இவ்வளவும் செய்வதற்கு முன்னால் கையை விட்டுப் பார்ப்பதுதான் முதல் வேலை. கீபோர்டிலிருந்து தொடங்கி வயரை விரல்களுக்கு இடையே ஓடவிட்டுக் கணினியின் பின்புறத் துளைவரை போக வேண்டும். டெஸ்க்டாப் பெட்டி சுவரை ஒட்டி இருந்தால் இழுத்துப் பார்க்க வேண்டும். பின்புறத்தை யாரும் பார்ப்பதில்லை என்ற ஒன்றை நம்பித்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. பரவலாக விற்கும் கீக்ராபர் வகையில் கே, பி, எஸ் என்ற மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் கருவி ஒரு பென்டிரைவாக மாறித் திரையில் எட்டிப் பார்க்கும். வைத்தவர் சேர்க்கையை மாற்றியிருந்தால் ஒன்றும் நடக்காது. எனவே ஒன்றும் நடக்காததை வைத்து நிம்மதி கொள்ள முடியாது. லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டு உள்ளே தட்டை வயரில் இணைந்திருப்பதால் வெளியிலிருந்து செருகும் எதுவும் அதைப் பிடிக்காது. பொதுக் கணினியில் உட்கார்ந்தே ஆக வேண்டுமென்றால், திரைக் கீபோர்டில் சொடுக்கினால் விசைப்பதிவு தப்பும், திரைப்பதிவு தப்பாது. கணினியில் செருகி அடையாளம் காட்டும் ஃபைடோ சாவியோ 30 வினாடியில் காலாவதியாகும் எண்ணோ இரண்டாம் கட்டமாக இருந்தால், பிடிபட்ட பாஸ்வேர்டை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட முடியாது.

கண்டுபிடித்துவிட்டால் உடனே பிடுங்கத்தான் கை போகும். அலுவலகம் என்றால் நில்லுங்கள். இருக்கும் நிலையிலேயே, துளை தெரிய, பெட்டியின் எண் தெரியப் படம் எடுங்கள். நாளும் மணியும் குறியுங்கள். இன்னொருவரைச் சாட்சிக்குக் கூப்பிடுங்கள். யாரிடம் சொல்வது என்பதையும் யோசியுங்கள், வைத்தவரிடமே போய்ப் புகார் சொல்லிவிடக் கூடாது. அந்தக் கணினியில் எதையும் தட்டாமல், பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியில் மாற்றுங்கள். பதற்றத்தில் பலரும் செய்வது, அதே கீபோர்டில் உட்கார்ந்து புதுப் பாஸ்வேர்டை அடிப்பது. பழையதோடு புதியதும் அதில் சேர்ந்துவிடும். வரிசையில் மின்னஞ்சல் முதலில், ஏனென்றால் மற்றதையெல்லாம் மீட்டெடுக்கும் வழி அதன் வழியாகத்தான் போகிறது. பிறகு வங்கி. பிறகு ஒவ்வொரு கணக்கிலும் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் பொத்தானை அழுத்துங்கள். பாஸ்வேர்டு மாறினாலும் ஏற்கெனவே திறந்து கிடக்கும் அமர்வுகள் பல தளங்களில் அப்படியே தொடரும்.

விசாரணை எல்லாம் முடிந்து கருவி கைக்கு வந்தால், உள்ளே இருப்பதை அழித்துவிட்டு மேசை இழுப்பறையில் போட்டு வைக்கலாம் என்று தோன்றும். ஃபிளாஷ் மெமரியில் கோப்பை அழிப்பது பல நேரம் 'இந்த இடம் காலி' என்று குறி வைப்பது மட்டும்தான், எழுத்துகள் பழைய இடத்திலேயே கிடக்கும். அதில் இருப்பது மாட்டிக்கொண்டவருடையது மட்டுமில்லை, அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்துபோன எல்லோருடையதும். குறடு ஒன்றை எடுத்து உறையைப் பிளந்து, எட்டுக் கால் கொண்ட அந்தச் சின்னக் கறுப்புச் சில்லைத் தேடி நொறுக்கிவிடுங்கள். சில மாடல்களில் மெமரி, மைக்ரோகண்ட்ரோலரோடு சேர்ந்தே இருக்கும், அப்போது இரண்டையும்.